புதுச்சேரி நகரில் மன்றமும் கழகமும்

1. முன்னுரை

மக்கள் ஓரிடத்தே கூடிப் பேசியும் படித்தும் ஆடியும் பொழுது கழிக்கும் இயல்பு எந்நாட்டினர்க்கும் பொதுவானது. அவ்வாறு கூடும் கூட்டத்திற்கு ஒரு பெயரும், உறுப்பினர் பட்டியலும், சந்தாவும், விதிமுறையும் அமையும்பொழுது அது ஓர் அமைப்பாக உருப்பெறுகின்றது. ஆங்கிலேயர் ஆண்ட பகுதிகளில் அத்தகைய அமைப்பைக் 'கிளப்' என்றனர். பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியில் 'செர்க்கிள்' என்றனர். தமிழில் மன்றம், கழகம், சங்கம், சபை என்னும் பெயர்கள் இடத்திற்கும் காலத்திற்கும் ஏற்ப வழங்கி வருகின்றன.

இவ்வமைப்புகளின் தோற்றம் பற்றி இருவகைக் கருத்துகள் நிலவுகின்றன. இவை முற்றிலும் மேனாட்டார் கொணர்ந்த புதுமைகளே என்பர் ஒருசாரார். பண்டைத் தமிழர் மன்றங்களே பெயர் மாறி இன்றும் வாழ்கின்றன என்பர் மற்றொரு சாரார். இவ்விரண்டும் உண்மையின் ஒவ்வொரு பகுதியையே காட்டுவன. கூடும் வழக்கம் நம்முடையது. கூடுவோரைப் பெயர் குறித்துச் சேர்த்தும் விலக்கியும் எழுதிவைக்கும் முறை வெளியிலிருந்து வந்தது. இவ்விரண்டும் ஒன்றையொன்று எதிர்ப்பட்டபொழுது எழுந்த வினா ஒன்றுண்டு: யார் யாரோடு சமமாக அமரலாம் என்பதே அது. புதுச்சேரி நகரின் வரலாற்றில் இவ்வினா மிகத் தெளிவாக எழுந்தது. ஆகவே, அந்நகரில் மக்கள் கூடிய இடங்களும் அமைப்புகளும் மாறிவந்த முறையை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. சொற்களின் வரலாறு

முதற்கண் சொற்களை நோக்குவோம். மன்றம் என்பது சங்க நூல்களில் ஊர்ப் பொதுவிடத்தைக் குறிக்கின்றது. மரத்தடியும், மாலையில் ஆனிரை வந்து நிற்கும் வெளியும் மன்றம் எனப்பட்டன. அதனையடுத்துப் பேசப்படுவது பொதியில். பொதுவான இல் என்பது அதன் பொருள். பட்டினப்பாலை காட்டும் பொதியில், ஊர்க்குப் புதியராய் வந்தோரும் தங்கும் இடமாக இருந்தது. எனவே மன்றமும் பொதியிலும் வாயிற் காவல் இல்லாத இடங்கள். ஊரவர் என்பதோ, வழிப்போக்கர் என்பதோ அங்கு அமர்தற்குப் போதிய தகுதியாயிற்று.

அவை என்பது இவற்றினின்று வேறுபட்டது. திருக்குறளில் அவையறிதல், அவையஞ்சாமை என 72, 73ஆம் அதிகாரங்கள் அமைந்திருத்தல் அறிஞர் கூட்டத்திற்குத் தனி நெறி இருந்ததனைக் காட்டும். மணிமேகலையும் சிலப்பதிகாரமும் கூறும் பட்டிமண்டபமும் அத்தகையதே. அவையில் அமர்தற்குக் கல்வி வேண்டும். மன்றில் அமர்தற்கு அது வேண்டுவதில்லை.

கழகம் என்னும் சொல்லின் வரலாறு வியப்பூட்டுவது. இன்று கல்வி, அரசியல், தமிழ்த்தொண்டு ஆகியவற்றோடு இணைத்து வழங்கும் இச்சொல், திருக்குறளின் சூது என்னும் 94ஆம் அதிகாரத்தில் சூதாடும் களத்தைக் குறிக்கின்றது. 935, 937ஆம் குறட்பாக்களை நோக்குவார்க்கு இது விளங்கும். கம்பரோ கோசல நாட்டுச் சிறப்பைக் கூறுமிடத்துக் கலை பயிலும் இடத்தைக் கழகம் என்கின்றார். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியும் இவ்விரு பொருளையும் தருகின்றது. ஒரே சொல் கற்குமிடத்தையும் கவறாடுமிடத்தையும் குறித்தமை முரண் போலத் தோன்றும். ஆயினும் இக்காலப் பொழுதுபோக்கு மன்றத்தில் ஓர் அறையில் செய்தித்தாளும் நூலும், மற்றோர் அறையில் சீட்டாட்டமும் இருத்தலை நோக்கின், அவ்விரு பொருளும் ஓரிடத்தே பொருந்துதலைக் காணலாம். ஆடவர் பலர் ஒழுங்காகக் கூடுமிடம் என்பதே இரண்டிற்கும் அடிப்படையான பொதுமை எனக் கருத இடமுண்டு.

உறுப்பினர் தகுதியை எழுதிவைக்கும் வழக்கம் தமிழகத்திற்கு முற்றிலும் புதியது எனல் பொருந்தாது. முதற் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளில், ஊர்ச்சபை வாரியங்களுக்கு உரியோரின் நிலம், வயது, கல்வி, ஒழுக்கம் ஆகியவற்றை வரையறுத்தன. புதுச்சேரியை அடுத்த வாகூரில் ஒன்பதாம் நூற்றாண்டில் ஒரு வித்தியாத்தானம் இருந்ததனை நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடு உணர்த்துகின்றது. திரிபுவனையில் பதினோராம் நூற்றாண்டில் 260 மாணவரும் 12 ஆசிரியரும் கொண்ட கல்லூரி இருந்ததனை அவ்வூர்க் கல்வெட்டு கூறும். ஆனால் இவையெல்லாம் ஆட்சிக்கோ கல்விக்கோ அமைந்தவை. விருப்பம் ஒன்றே காரணமாகச் சமநிலையில் சேர்ந்து பொழுது கழித்தற்கு உறுப்பினர் பட்டியல் வகுத்தல் பிற்காலத்து வழக்கமாகும்.

3. நகர அமைப்பும் திண்ணையும்

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் குடியிருப்பைப் பிரான்சுவா மர்த்தேன் 1674இல் நிலைபெறச் செய்தார். 1693 முதல் 1699 வரை நகர் ஒல்லாந்தர் கையில் இருந்தது. நேர்த்தெருக்கள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் நகர்த் திட்டத்தை வகுத்தவர் அவர்களே. 1761இல் ஆங்கிலேயர் நகரை இடித்தனர். 1765 முதல் அது மீளக் கட்டப்பெற்றது. பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே கடற்கரையை ஒட்டியது வெள்ளையர் நகரம் எனவும், மேற்கே பரந்தது கறுப்பர் நகரம் எனவும் வழங்கின. மேற்குப் பகுதியிலும் தெருக்கள் தொழிலாலும் குலத்தாலும் சமயத்தாலும் பிரிந்திருந்தன. கோமுட்டித் தெரு, வைசியாள் தெரு, காஜியார் தெரு, முல்லா தெரு என்னும் பெயர்கள் அப்பிரிவினை இன்றும் நினைவூட்டுவன.

இவ்விரு நகரங்களின் வீடுகளும் அமைப்பால் வேறுபட்டவை. பிரெஞ்சுக் குடியிருப்பின் வீடுகள் தெருவை நோக்கி உயர்ந்த மதிலும் பெரிய வாயிற்கதவும் உடையவை. வீட்டின் முகப்பு உள்ளே தோட்டத்தை நோக்கியிருக்கும். தமிழர் வீடுகளோ தெருவை நோக்கித் திறந்தவை. தெருவோரத்தில் மரத்தூண்கள் தாங்கிய சாய்ப்புக் கூரையுடன் தாழ்வாரம் அமைந்திருக்கும். அதற்கடுத்துத் திண்ணை, அதன்பின் வாயிற்கதவு, அதன்பின் தூண்கள் சூழ்ந்த முற்றம். தாழ்வாரம் வழிச்செல்வோர்க்கும், திண்ணை வந்தோர்க்கும் அறிமுகமானோர்க்கும், முற்றம் உறவினர்க்கும் உரியவாயின. மேல்தளம் பிரெஞ்சு முறையிலும் கீழ்த்தளம் தமிழ் முறையிலும் கட்டப்பெற்ற கலப்பு வீடுகளிலும் இவ்வொழுங்கு மாறவில்லை.

மாலைப்பொழுதில் கணக்கர், வணிகர், ஆசிரியர், புலவர் ஆகியோர் கூடிப் பேசிய இடம் திண்ணையே. கடிதம் படித்தல், வழக்குப் பேசுதல், பாட்டுக்குப் பொருள் கூறுதல், விலைநிலவரம் அறிதல் ஆகிய யாவும் அங்கு நிகழ்ந்தன. சந்தா இல்லை, பட்டியல் இல்லை. ஆயினும் எல்லாரும் அமரக்கூடிய இடம் எனத் திண்ணையைப் புனைந்துரைத்தல் தகாது. எக்குலத்தார் திண்ணை வரை வரலாம், எக்குலத்தார் தெருவிலேயே நிற்க வேண்டும் என்பது அனைவர்க்கும் தெரிந்த எழுதா விதியாக இருந்தது. பெண்டிர்க்குரிய இடம் முற்றமும் பின்கட்டுமே. எழுதப்படாத விதியை எதிர்த்து வழக்காடுதல் அரிது. எழுதப்பட்ட விதியை எதிர்த்தல் எளிது. பின்னர் நிகழ்ந்தவற்றை விளங்கிக் கொள்வதற்கு இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

4. ஆனந்தரங்கர் நாட்குறிப்பிற் காணும் கூட்டங்கள்

பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியின் வாழ்க்கையை அறிதற்குரிய தலைசிறந்த தமிழ்ச் சான்று ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பாகும். 1709இல் பிறந்து 1761இல் மறைந்த அவர், 1736 முதல் தம் இறுதிக்காலம் வரை அதனை எழுதிவந்தார். அதன் ஏடுகளை 1846இல் கல்லுவா மொம்பிரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் கண்டறிந்தார். ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. முசே, கோன்சேல் முதலிய பிரெஞ்சுச் சொற்கள் பேச்சுத்தமிழோடு கலந்து வரும் அவர்தம் உரைநடை தமிழ் உரைநடை வரலாற்றிலும் இடம்பெறத்தக்கது.

அந்நாட்குறிப்பில் அடிக்கடி வரும் ஓரிடம் அவருடைய பாக்குக் கிடங்கு. ஆளுநர் மாளிகையினின்று திரும்பும் பிள்ளை அங்கு அமர்வார். வணிகரும் தூதரும் குறைகூற வந்தோரும் அங்கு அவரைக் காண்பர். செய்திகள் அங்குப் பரிமாறப்பட்டன, கடிதங்கள் படிக்கப்பட்டன. பெயரளவில் அது பண்டகசாலை. பயனளவில் நகரின் செய்தி மன்றம். வணிகமும் உரையாடலும் பிரியாதிருந்த நிலையை இது காட்டுகின்றது. இலண்டன் நகரத்துக் காப்பிக் கடைகளில் அதே நூற்றாண்டில் வணிகரும் எழுத்தாளரும் கூடியமை ஈண்டு ஒப்பு நோக்கத்தக்கது.

மற்றொரு கூட்டம் மகாநாட்டார் கூட்டம். குலத்தலைவர்கள் கூடிப் பொதுச்செய்திகளை ஆய்ந்து முடிவு செய்யும் வழக்கம் இருந்தது. 1748இல் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டபொழுது அவர்கள் கூடிக் கலந்தாராய்ந்த செய்தி நாட்குறிப்பில் விரிவாக உள்ளது. இக்கூட்டத்தில் இடம்பெற்றவர் தனிமனிதராக அன்றிக் குலத்தின் சார்பாளராகவே பேசினர்.

யார் யாரோடு அமர்வது என்னும் வினா அக்காலத்தே எழுந்தமைக்கும் நாட்குறிப்பு சான்று தருகின்றது. மக்கள் 'சம்பாக் கோயில்' என வழங்கும் கிறித்தவக் கோயிலின் உள்ளே, உயர்குலக் கிறித்தவரையும் ஒடுக்கப்பட்ட கிறித்தவரையும் பிரிக்கும் சுவர் ஒன்று இருந்தது. 1745இல் அது அகற்றப்பட்டபொழுது எழுந்த பூசலைப் பிள்ளை குறித்துள்ளார். 'செயிந்து போல்' என்னும் பிரெஞ்சுப் பெயரே மக்கள் நாவில் 'சம்பா' ஆயிற்று. சொல்லைத் தமக்கேற்ப மாற்றிக்கொள்ளுதல் நகரத்தார்க்கு எளிதாயிற்று. அமரும் முறையை மாற்றுதல் எளிதாகவில்லை.

பிள்ளைக்கு அளிக்கப்பெற்ற சிறப்புகளுள் ஆளுநர் மாளிகை முற்றத்துள் பல்லக்கில் செல்லுதல், பொற்பூண் கட்டிய கைத்தடி ஏந்துதல், பொன்னிழை தைத்த காலணி அணிதல் ஆகியவை உண்டென அவர் வரலாறு எழுதியோர் கூறுவர். காலணியோடு செல்லுதல் அன்று ஒருவர்க்குத் தனியே வழங்கப்பெற்ற சிறப்பு. அதுவே ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்து உரிமை வழக்காக மாறியதனை மேலே காண்போம்.

5. செர்க்கிள் என்னும் வட்டம்

ஆங்கிலேயரிடமிருந்து 1816இல் நகர் மீண்டும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. 1819 சனவரி 6ஆம் நாள் ஆணையால் பிரெஞ்சுச் சட்டத்தொகுப்புகள் இங்கு நடைமுறைக்கு வந்தன. இந்தியர் தத்தம் குலவழக்குப்படியே தீர்ப்புப் பெறுவர் என்பதும் அவ்வாணையிலேயே உறுதி செய்யப்பட்டது. 1827இல் இந்தியச் சட்ட வழக்குகள் பற்றி அறிவுரை கூற இந்தியர் அடங்கிய குழு ஒன்று அமைக்கப்பட்டது. அதே ஆண்டில் ஆளுநர் தெபசேன் தெ ரிசுமோன் பொது நூலகத்தை நிறுவினார். இன்று உரோமன் உரோலந்து பெயரைத் தாங்கி நிற்பது அந்நூலகமே. கூடிப் படித்தற்கு அரசின் சார்பில் ஒரு கட்டடம் அமைந்தமை நகர வரலாற்றில் ஒரு திருப்பமாகும்.

செர்க்கிள் என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்கு வட்டம் என்பது பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரான்சில் நடுத்தர வகுப்பு ஆடவர் சந்தா செலுத்திச் சேர்ந்து, செய்தித்தாள் படித்தும் சீட்டு, பில்லியர்டு முதலியன ஆடியும் பொழுது கழித்த அமைப்பே செர்க்கிள். அதன் வரலாற்றை மொரீசு அகுலோன் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1977இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்துள்ளார். அதற்கு முன்னர் உயர்குடியினர் இல்லங்களில் நிகழ்ந்த சலோன் என்னும் கூட்டத்தில் இல்லத்தலைவியே நடுநாயகமாக விளங்கினாள்; செர்க்கிளில் பெண்டிர்க்கு இடமில்லை. சலோனில் விருந்தளிப்போர், விருந்தினர் என்னும் ஏற்றத்தாழ்வு உண்டு; செர்க்கிளில் சந்தா செலுத்திய அனைவரும் சமம். இவ்வாறு ஒருவகைச் சமத்துவமும் ஒருவகை விலக்கும் ஒருங்கே அதன்கண் அமைந்தன. வட்டத்துக்கு உள்ளே அனைவரும் ஒருநிலையினர்; வட்டத்துக்கு வெளியே நிற்போர் வெளியோரே.

பிரெஞ்சு அரசும் இவ்வமைப்புகளை ஐயத்துடனேயே நோக்கியது. 1810ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 291ஆம் பிரிவு, இருபதின்மர்க்கு மேற்பட்டோர் தொடர்ந்து கூடும் சங்கம் எதுவாயினும் அரசின் இசைவு பெறவேண்டும் என்றது. பிரான்சில் சங்கம் அமைக்கும் உரிமை 1901 சூலை முதல் நாள் சட்டத்தாலேயே முழுமையாகக் கிடைத்தது. சமத்துவத்தைப் போற்றிய நாட்டிலும் கூடுதல் உரிமை தாழ்ந்தே வந்தது என்பது கருதத்தக்கது.

ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த சென்னையின் நிலையும் இதற்கு ஒப்பாகவே இருந்தது. 1832இல் தோன்றிய மதராசு கிளப் நெடுங்காலம் ஐரோப்பியர்க்கே உரியதாயிருந்தது. இந்தியரும் ஐரோப்பியரும் சேர்ந்து பழகுதற்கென்றே காசுமாபாலிட்டன் கிளப் 1873இல் நிறுவப்பட்டது. புதுச்சேரியில் பிரெஞ்சு மொழியையும் பண்பாட்டையும் மையமாகக் கொண்ட அலியான்சு பிரான்சேசு 1889இல் தொடங்கப்பெற்றது. ஆளுநர் மாளிகைப் பூங்காப் பகுதியில் 'செர்க்கிள் தெ பொந்திச்சேரி' என்னும் பெயருடைய மன்றம் பிரெஞ்சுப் பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றது. தாய்நாட்டில் கடைத்தெருக்காரரும் வைத்துக்கொண்ட ஓர் அமைப்பு குடியேற்ற நாட்டில் உயர்நிலையின் அடையாளமாயிற்று. வீட்டின் முகப்பு மதிலுக்குள் மறைந்திருந்த வெள்ளையர் பகுதியில், திண்ணை செய்த தொழிலைச் செய்தற்கு வேறோர் இடம் தேவைப்பட்டது என்றும் கருதலாம்.

6. காலணி வழக்கு

யார் எந்நிலையில் நுழையலாம் என்னும் வினா புதுச்சேரியில் நீதிமன்றத்தின் வாயிலிலேயே வெடித்தது. இந்தியர் நீதிமன்றத்துள் காலணியைக் கழற்றிவிட்டு நுழைதல் வழக்கம். பொன்னுத்தம்பிப் பிள்ளை என்னும் தமிழ் வழக்கறிஞர் 1873இல் ஐரோப்பிய முறைக் காலணி அணிந்து நீதிமன்றத்துள் சென்றார். கழற்றுமாறு கூறியும் அவர் இசையவில்லை, அதனால் தண்டிக்கப்பட்டார். அவர் பாரிசு நகரத்து உச்ச முறையீட்டு மன்றம் வரை வழக்கைக் கொண்டு சென்றார். அங்கு அவர்க்காக வாதாடியவர் சூல் கொதேன். தீர்ப்பு பொன்னுத்தம்பியார்க்குச் சார்பாக அமைந்தது. கொதேன் பின்னர் 1876 முதல் 1881 வரை பிரெஞ்சிந்தியாவின் சார்பில் பாரிசு நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார்.

சென்னையில் இந்தியரும் வெள்ளையரும் ஒருங்கிருக்க ஒரு மன்றம் தோன்றிய அதே ஆண்டில் புதுச்சேரியில் இவ்வழக்கு நிகழ்ந்தமை குறிப்பிடத்தக்கது. சென்னையில் வாயில் நட்பின் பெயரால் திறந்தது. புதுச்சேரியில் சட்டத்தின் பெயரால் திறந்தது. நட்பால் திறப்பது உயர்ந்தோர் சிலர்க்கே பயன்படும். சட்டத்தால் திறப்பது, குறைந்தது எழுத்தளவிலேனும், எல்லார்க்கும் பயன்படும். எழுதிய விதியை எதிர்த்து வழக்காடுதல் எளிது என முன்னர்க் கூறியது இங்கு மெய்ப்படுகின்றது. காலணி கழற்றுதல் வெறும் வழக்கமாக நின்றவரை அது பணிவெனப்பட்டது. தண்டனைத் தீர்ப்பாக அது எழுதப்பட்டவுடனேயே மேல்முறையீட்டுக்கு உரியதாயிற்று.

இதன் தொடர்ச்சியாக 1881 செப்தம்பர் 21ஆம் நாள் ஆணை வெளிவந்தது. குலவழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியற் சட்டத்தை ஏற்கும் வாய்ப்பு அதனால் கிடைத்தது. அவ்வாறு துறந்தோர் 'ரெனோன்சான்' எனப்பட்டனர். அவர்கள் புதிய குடும்பப்பெயர் பூண்டனர். பொன்னுத்தம்பியார் இலப்போர்த்து என்னும் பெயரை ஏற்றார். அப்பெயரில் வாயில் என்னும் பொருள்படும் பிரெஞ்சுச் சொல் அமைந்துள்ளது. வாயிலில் தடுக்கப்பட்டவர் பூண்ட பெயர் அதுவாயிற்று. துறந்தோருட் பலர் கிறித்தவரும் ஒடுக்கப்பட்ட வகுப்பினரும் ஆவர். மரபு தந்த தாழ்வினின்று வெளியேறுதற்கு அவர்கள் கண்ட வழிகளுள் இது ஒன்று.

7. வாக்குரிமையும் சபைகளும்

1871 முதல் பிரெஞ்சிந்திய மக்கள் தொடர்ந்து பாரிசு நாடாளுமன்றத்துக்கு உறுப்பினரைத் தேர்ந்தனுப்பினர். 1879இல் பொதுமன்றமும், 1880இல் நகராட்சிகளும் அமைந்தன. நகராட்சி மன்றத்தைக் குறிக்கும் 'மேரி' என்னும் பிரெஞ்சுச் சொல் புதுவைத் தமிழில் நிலைத்துவிட்டது. ஆனால் 1884இல் வாக்காளர் மூன்று பட்டியல்களாகப் பிரிக்கப்பட்டனர்: ஐரோப்பியர் ஒரு பட்டியல், துறந்தோர் ஒரு பட்டியல், ஏனைய இந்தியர் ஒரு பட்டியல். 1899இல் மூன்று இரண்டாயின.

இம்மாற்றங்கள் கூடும் முறையையும் மாற்றின. மூன்றாம் பட்டியலின் தலைவராக விளங்கிய சண்முக வேலாயுத முதலியார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நகர அரசியலில் பெருஞ்செல்வாக்குப் பெற்றிருந்தார். குலவழக்கைக் காத்தல் அவர் கட்சியின் கொள்கை. சமவுரிமை பெறுதல் பொன்னுத்தம்பியார் கட்சியின் கொள்கை. திண்ணைப் பேச்சு இவ்வாறு கட்சிப் பேச்சாயிற்று. முன்பு குலத்தின் பெயரால் கூடியோர் இப்பொழுது வாக்கின் பெயரால் கூடினர். ஆயினும் வாக்காளர் பட்டியலே குலத்தையும் நிறத்தையும் ஒட்டி அமைந்தமையால் பழைய எல்லைகள் புதிய உருவில் நின்றன எனலே பொருந்தும்.

8. அடைக்கலம் புகுந்தோர் கூட்டம்

1908 முதல் புதுச்சேரி மற்றொரு வகைக் கூட்டத்தைக் கண்டது. ஆங்கிலேயர் அடக்குமுறையினின்று தப்பி வந்த விடுதலை வீரர்க்கு அந்நகர் புகலிடமாயிற்று. சுப்பிரமணிய பாரதியார் 1908இல் வந்தார்; 'இந்தியா' இதழ் அங்கிருந்து 1910 வரை வெளிவந்தது. அரவிந்தர் 1910 ஏப்பிரல் 4ஆம் நாள் வந்தடைந்தார். முதலில் கலவை சங்கர செட்டியார் இல்லத்தில் தங்கினார். வ. வே. சு. ஐயர் அதே ஆண்டில் வந்தார்.

இவர்தம் கூட்டத்திற்குப் பெயரில்லை, பட்டியலில்லை, சந்தாவில்லை. அரவிந்தர் இல்லத்து மாலைநேர உரையாடல், கடற்கரை உலா, முத்தியாலுப்பேட்டைத் தோப்பு ஆகியவையே அவர்தம் மன்றங்கள். ஆங்கிலேய ஒற்றர் சூழ்ந்திருந்த நிலையில் உறுப்பினர் பட்டியல் எழுதிவைத்தல் தீங்காக முடியும். ஆகவே பழைய திண்ணை முறையே அவர்க்குக் காப்பாயிற்று. எழுதாமை விலக்குக்குக் கருவியாவதுபோலவே பாதுகாப்புக்கும் கருவியாகும் என்பதற்கு இது சான்று. ஆயினும் பழைய திண்ணையினின்று இக்கூட்டம் ஒரு வகையில் வேறுபட்டது: குலவேறுபாடு பாராட்டாமையை இவர்கள் கொள்கையாகவே கொண்டிருந்தனர். கனகசுப்புரத்தினம் என்னும் இளைஞர் பாரதியாரைச் சந்தித்ததும் அவர்பால் ஈடுபட்டுப் பாரதிதாசன் எனப் பெயர் பூண்டதும் இச்சூழலில் நிகழ்ந்தவையே. பாரதியார் 1918 நவம்பரில் நகரை விட்டு நீங்கினார்.

இதே காலத்தில் தமிழகத்தில் மதுரைத் தமிழ்ச்சங்கம் 1901இலும், கரந்தைத் தமிழ்ச்சங்கம் 1911இலும், சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் 1920இலும் தோன்றின. சங்கம், கழகம் என்னும் பழஞ்சொற்கள் பதிவு செய்யப்பெற்ற புதிய அமைப்புகளுக்குப் பெயராயின. சூதாடு களத்தைக் குறித்த பொருள் மறைந்து, கல்விக்கூட்டம் என்னும் பொருளே நிலைபெற்றது.

9. தொழிலாளர் சங்கங்கள்

1930ஆம் ஆண்டுகளில் இவ்வரலாறு பெருந்திருப்பம் பெற்றது. வ. சுப்பையா இளைஞர்களையும் பின்னர் ஆலைத் தொழிலாளர்களையும் அமைப்புகளாகத் திரட்டினார். அரிசன சேவா சங்கப் பணி 1933இல் தொடங்கியது. 1934 பிப்ரவரியில் காந்தியடிகள் புதுச்சேரிக்கு வந்தார். அவ்வாண்டிலேயே 'சுதந்திரம்' இதழும் தோன்றியது. 1936 சூலை 30ஆம் நாள் பஞ்சாலைத் தொழிலாளர்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் பன்னிருவர் மாண்டனர். 1937 ஏப்பிரலில் தொழிலாளர்க்கு எட்டுமணி நேர வேலை உறுதி செய்யப்பட்டது. சங்கம் அமைக்கும் உரிமையும் ஏற்கப்பட்டது.

பன்னிருவர் உயிர் நீத்தபின்னரே கூடும் உரிமை கிட்டியது என்பதனை மன்ற வரலாறு எழுதுவோர் மறத்தலாகாது. செல்வர் சீட்டாடக் கூடுவதற்கும் உழைப்போர் ஊதியம் பேசக் கூடுவதற்கும் அரசு ஒரேவகை இசைவு வழங்கியதில்லை. புலவர் அவையைக் குறித்த சங்கம் என்னும் சொல் உழைப்பாளர் அமைப்பைக் குறித்தமை தமிழ்ச் சொற்பொருள் வரலாற்றில் தனி ஆய்வுக்கு உரியது.

10. விடுதலைக்குப் பின்

1954 அக்தோபர் 18ஆம் நாள் கீழூரில் வாக்களிப்பு நடைபெற்றது. 178 பிரதிநிதிகளுள் 170 பேர் இந்தியாவுடன் இணைதற்கு இசைந்தனர். நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறியது. 1962 ஆகத்து 16ஆம் நாள் சட்டப்படியான இணைப்பு நிறைவேறியது. புதுச்சேரி 1963இல் ஒன்றிய ஆட்சிப் பகுதியாயிற்று.

ஆட்சி மாறினும் கூடும் வழக்கங்கள் உடனே மாறவில்லை. பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெறுவோரை மக்கள் 'சொல்தா' என்பர். அவர்கட்கென 'புவாயே துய் சொல்தா' என்னும் இல்லம் நகரில் உள்ளது. சூலை 14ஆம் நாள் பிரெஞ்சு நாட்டு விழாவில் அவர்கள் பதக்கங்கள் அணிந்து கூடுதல் வழக்கம். இரும்புக் குண்டுகளை உருட்டி ஆடும் பெத்தாங்கு என்னும் பிரெஞ்சு ஆட்டத்தைத் தமிழர் குழுக்கள் மாலைதோறும் ஆடுகின்றன. மன்றத்து அறைக்குள் அடங்காத இவ்வாட்டம், வெட்டவெளியில் மரநிழலில் காண்போர் சூழ நிகழ்கின்றது. ஆட்டம் பிரெஞ்சு நாட்டது. ஆடுமிடமோ பழைய மன்றத்தின் இயல்பினது.

தாழ்வாரமும் திண்ணையும் உடைய வீடுகள் குறைந்து வருகின்றன. அவை இருந்த இடத்தில் கடைகளும் அடுக்குமாடிகளும் எழுகின்றன. செர்க்கிளுக்குப் பதிவேடு உண்டு, திண்ணைக்கு இல்லை. கட்டடம் மறையுமாயின் அதன் வரலாறும் உடன் மறையும்.

11. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன பின்வருவன. புதுச்சேரி நகரில் கூடுமிடங்கள் நால்வகையாக அமைந்தன. முதலாவது, எழுதா விதியால் இயங்கிய திண்ணையும் பாக்குக் கிடங்கும். இரண்டாவது, குலத்தின் பெயரால் கூடிய மகாநாட்டார் கூட்டம். மூன்றாவது, பட்டியலும் சந்தாவும் உடைய செர்க்கிள். நான்காவது, கொள்கை பற்றிக் கூடிய கட்சியும் சங்கமும். இவை ஒன்றன்பின் ஒன்றாக வந்து முன்னதை அழித்தன அல்ல. ஒரே நகரில், சில காலங்களில் ஒரே தெருவில், அருகருகே இயங்கின.

இவற்றை மதிப்பிடுதற்குரிய அளவுகோல் கட்டடத்தின் பொலிவோ உறுப்பினரின் பெருமையோ அன்று; வாயிலில் நிறுத்தப்பட்டவர் யார், எப்பொழுது, எவ்வாறு உள்ளே வந்தனர் என்பதே. கோயிற் சுவர், காலணி வழக்கு, வாக்காளர் பட்டியல், ஆலைத் தொழிலாளர் உயிரிழப்பு ஆகிய நான்கும் அவ்வாயிலின் வரலாற்றில் நான்கு படிகள். பெண்டிர் எப்பொழுது, எவ்வழியாக இவ்வமைப்புகளுள் இடம்பெற்றனர் என்பது இவற்றோடு சேர்த்து ஆராயப்பட வேண்டிய ஐந்தாம் படியாகும்.

முதுகலை மாணவர் இத்துறையில் செய்தற்குரிய பணி மிகுதி. நகரத்துச் சங்கங்களின் விதிமுறை ஏடுகள், கூட்டக் குறிப்பேடுகள், விழா அழைப்பிதழ்கள், சந்தாப் புத்தகங்கள் ஆகியவற்றைத் தேடித் தொகுத்தல் வேண்டும். அவற்றின் தமிழ்நடையை ஆராய்வார்க்கு நிருவாகத் தமிழ் உருவான வரலாறு புலப்படும். திண்ணைகளில் அமர்ந்து பேசிய முதியோரின் நினைவுகளையும் உடனே எழுதிவைத்தல் வேண்டும். ஆனந்தரங்கர் தம் பாக்குக் கிடங்கில் கேட்டதை அன்றன்றே எழுதியமையாலன்றோ நாம் இன்று அக்காலத்தை அறிகின்றோம்! எழுதப்பெறாத கூட்டங்களின் வரலாறு எழுதுவோரை எதிர்நோக்கி நிற்கின்றது.